ரெட்டைச் சைக்கிளின் பின்சீட்

ஏப்ரல் 9

அன்புள்ள அம்மாவுக்கு,

சுண்டு எழுதுவது. நான் சௌக்கியம், வீடு சௌக்கியம், பூனை என்னைவிட சௌக்கியம். நீயும் சௌக்கியமாகத்தான் இருப்பாய். இல்லையென்றால் இதற்குள் ஊரைக் கூட்டியிருப்பாய்.

வேலை முடிந்து வந்து பார்த்தால் மேசையில் சாவி, பக்கத்தில் ஒரு துண்டுக் காகிதம். நீயும் அண்ணியும் மலைக்குப் போகிறீர்களாம், கோடை முடிந்துதான் வருவீர்களாம், அங்கே போன் எடுக்காதாம், இந்த முகவரிக்கு எழுத வேண்டுமாம். அவ்வளவுதான். டவுன் பஸ் ஓட்டி ரிட்டையர் ஆனவள் நீ. முன்பின் தெரியாத பயணிகளைக்கூட ஏற்றி உட்காரவைத்துவிட்டுத்தான் வண்டியை எடுப்பாய். பெற்ற பெண்ணுக்கு ஒரு வார்த்தை சொல்லத் தோன்றவில்லை.

பின்கொட்டகைக்குப் போனேன். சுவரில் ரெட்டைச் சைக்கிள் இல்லை, அது மாட்டியிருந்த இடத்தில் தூசிக்கோடு மட்டும் இருந்தது. அம்மா, இரண்டு பேர் சேர்ந்து மிதிக்கும் அந்தச் சைக்கிள் நீயும் அப்பாவும் கல்யாணமான புதிதில் வாங்கியது. முன்சீட்டில் நீ, பின்சீட்டில் அப்பா. ஏழு வயதில் பின்சீட்டைக் கேட்டேன், கால் எட்டாது என்றாய். கால் எட்டியபோது நேரமில்லை என்றாய். அப்பா போன பிறகு கேட்டேன், "அது அப்பா சீட்டு, விடு" என்றாய். விட்டேன். இப்போது அதில் அண்ணி உட்கார்ந்திருக்கிறார்.

நான் இங்கே பல் லேபில் யாரோ ஒரு பெரியவருக்கு மேல்தாடைப் பொய்ப்பல் செட் செய்துகொண்டிருக்கிறேன். அவர் பல்லைச் செய்யும்போது என் பல்லைக் கடித்துக்கொள்கிறேன். உடனே பதில் போடு.

கோபத்துடன், ஆனாலும் அன்புடன்,
சுண்டு


ஏப்ரல் 21

அன்புள்ள சுண்டுவுக்கு,

உடம்பு நன்றாக இருக்கிறது. வலது முழங்கால் மட்டும் தனியாக முனகுகிறது, அதை நான் கண்டுகொள்வதில்லை. நீ வேளாவேளைக்குச் சாப்பிடு. பூனைக்கு அதிகம் வைக்காதே, ஏற்கெனவே அது நடப்பதற்கே யோசிக்கிறது.

சொல்லாமல் வந்தது தப்புதான். சொன்னால் நீ ஆயிரம் கேட்பாய், அதற்கு நேரமில்லை.

இங்கே முன்பு ரயில் ஓடியதாம். தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டு, மண்ணை இறுக்கி, சைக்கிளுக்கும் நடப்பவர்களுக்கும் விட்டிருக்கிறார்கள். பசும்பாதை என்கிறார்கள். மோட்டார் வண்டிக்கு இடமே இல்லை. முதல் நாள் ஒவ்வொரு வளைவிலும் என் கட்டைவிரல் ஹாரனைத் தேடியது. ரயில் செங்குத்தாக ஏறாது என்பதால் ஏற்றம் கண்ணுக்குத் தெரியவில்லை, தொடைக்குத்தான் தெரிகிறது. இரண்டு பக்கமும் காடு. மரங்கள் மேலே ஒன்றோடொன்று சேர்ந்துவிடுவதால் மத்தியானத்தில்கூட வெயில் சில்லறையாகத்தான் விழுகிறது.

பழைய ஸ்டேஷன்கள்தான் இப்போது விடுதி. டிக்கெட் கொடுத்த ஜன்னலில் ரொட்டியும் முட்டையும் கொடுக்கிறார்கள். ஒரு விடுதியில் தங்கி, சுற்றுவட்டாரம் எல்லாம் ஓட்டிப் பார்த்துவிட்டு, அடுத்ததற்கு நகர்வதாகத் திட்டம். மே மாதம் பாலத்தடி விடுதிக்கு எழுது. ஜூன் மாதம் தண்ணீர்த்தொட்டி விடுதிக்கு. எஞ்சினுக்குத் தண்ணீர் பிடித்த ஸ்டேஷன் அது. அதைத் தாண்டினால் மலையைக் குடைந்த பெரிய குகை. உள்ளே போனால் வெளிச்சம் தெரிய வெகுநேரம் ஆகுமாம், கோடையிலும் ஸ்வெட்டர் வேண்டுமாம். இந்த இடங்களெல்லாம் உன்னோடு இருக்கட்டும், யாரிடமும் சொல்லாதே.

பின்சீட்டுக்காரிக்கு ஒரு வேலை கொடுத்திருக்கிறேன். அவள் "போகலாம்" என்று சொன்னால்தான் நான் பெடலை அழுத்துவேன். கண்டக்டர் சொல்லாமல் நான் எந்த நாளும் வண்டியை எடுத்ததில்லை. ஆரம்பத்தில் அவள் வாயே திறக்கவில்லை. "உங்க இஷ்டம் அத்தை" என்றாள். என் இஷ்டம் நிற்பது என்று சொல்லி, பாதை நடுவில் காலூன்றி நின்றேன். பின்னால் நாலு சைக்கிள் சேர்ந்துவிட்டது. கடைசியில் சொன்னாள்.

அம்மா


மே 4

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்காலுக்குத் தைலம் தனிப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். உன் கண்டக்டரைத் தேய்த்துவிடச் சொல். எனக்கு ஜலதோஷம், ஆனால் அதைக் கேட்க உனக்கு அங்கே நேரமிருக்காது.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். ரயில் இருக்கிறது, ரொட்டி இருக்கிறது, குகை இருக்கிறது. ஏன் அண்ணி என்று கேட்டால் மட்டும் ஒரு வரி இல்லை. நேரடியாகவே கேட்கிறேன். எனக்குத் தராத சீட்டை அவருக்கு எப்படித் தந்தாய்? அவர் இந்த வீட்டுக்கு வந்து நாலு வருடம்தான் ஆகிறது. நான் வந்து இருபத்தெட்டு வருடம் ஆகிறது.

வயிறு எரிகிறது அம்மா, நாகரிகமாகச் சொல்லத் தெரியவில்லை. லேபில் மெழுகில் பல் அடுக்கும்போது, இந்த நேரத்துக்கு இரண்டு பேரும் எந்த மரத்தடியில் நின்று தண்ணீர் குடிப்பீர்கள் என்று யோசனை போகிறது. நேற்று ஒரு செட்டில் கடைவாய்ப் பல்லை முன்னால் வைத்துவிட்டேன். சூப்பர்வைசர் அதைத் தூக்கிப் பிடித்து, "இது மனுஷனுக்கா, குதிரைக்கா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார்.

அண்ணன் ஞாயிற்றுக்கிழமை வந்தான். தாடி வளர்ந்திருக்கிறது. அவன் கார் ஷோரூமில் இந்த மாதம் ஒரு வண்டிகூட விற்கவில்லையாம். அவனையா விட்டுப்போனீர்கள், என்னையா விட்டுப்போனீர்கள் என்று தெரியாமல் இரண்டு பேரும் உட்கார்ந்து உன் பூனையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஜலதோஷத்துடன்,
சுண்டு


மே 19

அன்புள்ள சுண்டுவுக்கு,

ஜலதோஷத்துக்கு ஆவி பிடி. அதற்கும் நான் வந்து நிற்க வேண்டுமா? தைலம் வந்தது. நானே தேய்த்துக்கொள்கிறேன்.

நேற்று பாலத்தைக் கடந்தோம். கீழே பள்ளத்தாக்கு, ஆறு ஒரு கயிறாகத்தான் தெரிகிறது. எனக்குத் தலை சுற்றியது, இறங்கித் தள்ளுவோம் என்றேன். பின்னாலிருந்து குரல் வந்தது: "கீழ பாக்காதீங்க அத்தை. என்ன நம்பி மிதிங்க." எனக்கே வண்டி ஓட்டச் சொல்லித்தருகிறாள். மறுகரையில் இறங்கிச் சிரித்தோம். அவள் சத்தம்போட்டுச் சிரித்து நான் கேட்டதே இல்லை. பஞ்சர் ஒட்டவும் கற்றுக்கொண்டுவிட்டாள். டியூபைத் தொட்டித் தண்ணீரில் அமுக்கிக் குமிழி தேடும்போது, மருந்துக்கடை வேலையில் டாக்டர் சீட்டைப் படிக்கும் அதே முகத்தோடு தேடுகிறாள்.

நீ கேட்டதற்கு என்னால் பதில் எழுத முடியாது. எழுத மனமில்லாமல் அல்ல. ஒருத்திக்கு வார்த்தை கொடுத்திருக்கிறேன். கொஞ்சம் பொறு.

பெரியவன் வந்தால் சாப்பாடு போடு. வேறெதுவும் பேச வேண்டாம்.

அம்மா


ஜூன் 1

அன்புள்ள அண்ணனுக்கு,

உடம்பைப் பார்த்துக்கொள். தாடியை எடு, பார்க்கச் சகிக்கவில்லை.

போன வாரம் நீ பேசியதை யோசித்துப் பார்த்தேன். அண்ணிக்கும் உனக்கும் ஒன்றுமே இல்லை, அம்மாதான் கிளப்பிக்கொண்டு போய்விட்டாள் என்றாய். எனக்கும் அப்படித்தான் படுகிறது. அம்மா கடிதத்தில் அண்ணி சிரித்தார், அண்ணி பஞ்சர் ஒட்டினார், அண்ணி பாலத்தைக் கடக்கவைத்தார் என்று ஒரே அண்ணி புராணம். நம் இரண்டு பேர் பெயரும் சாப்பாடு, ஜலதோஷம் என்ற இடத்தில் மட்டும்தான் வருகிறது.

அவர்கள் இந்த மாதம் முழுக்கத் தண்ணீர்த்தொட்டி விடுதியில் இருப்பார்கள். விடுதி வாசல்வரை கார் போகும் என்று விசாரித்துவிட்டேன். போய் உன் மனைவியைக் கூட்டிக்கொண்டு வா. அவர் வந்தால் அம்மாவும் வந்துவிடுவாள்.

நான் சொன்னதாகச் சொல்லாதே.

சுண்டு


ஜூன் 16

அன்புள்ள அம்மாவுக்கு,

எப்படி இருக்கிறாய்? முழங்கால் எப்படி? அண்ணி எப்படி இருக்கிறார்? அவருக்கு ஸ்வெட்டர் இருக்கிறதா? வேண்டுமென்றால் என்னுடைய நீல ஸ்வெட்டரை அனுப்புகிறேன், அவருக்குச் சரியாக இருக்கும்.

உன் கடிதம் வந்து நாளாகிறது. தபால்காரர் வரும்போதெல்லாம் வாசலுக்குப் போகிறேன். மின்சார பில்தான் வருகிறது. ஜலதோஷம் போய்விட்டது. ஆவி பிடித்தேன், நீ சொன்ன மாதிரி. பூனைக்கும் அளவாகத்தான் வைக்கிறேன்.

போன கடிதத்தில் கொஞ்சம் அதிகமாகப் பேசிவிட்டேன், மனதில் வைத்துக்கொள்ளாதே. அங்கே எல்லாம் நல்லபடியாகத்தானே இருக்கிறது? யாராவது வந்தார்களா? சும்மா கேட்டேன். கோடையில் அந்தப் பக்கம் கூட்டம் அதிகம் என்று லேபில் பேசிக்கொண்டார்கள்.

ஒரு வரியாவது எழுது.

உன்
சுண்டு


ஜூலை 8

அன்புள்ள சுண்டுவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். நீயும் நன்றாக இரு.

பெரியவன் வந்தான். ஷோரூம் காரை எடுத்துக்கொண்டு, புதுச் சட்டை போட்டுக்கொண்டு, தாடியை மழித்துக்கொண்டு வந்தான். விடுதிக்காரர்களுக்கெல்லாம் அவனைப் பிடித்துவிட்டது. சாப்பாட்டு மேசையில் சூப் ஆறிப்போகும்வரை பேசினான். அவன் பேச ஆரம்பித்தால் எதிரில் இருப்பவர்கள் கார் வாங்கிவிடுவார்கள், உனக்குத் தெரியும். அவள் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாள் காலை அவள் பையைத் தூக்கிக்கொண்டு காரில் ஏறினாள். குகைக்குப் போக அவளே குறித்துவைத்திருந்த நாள் அது.

போகாதே என்று நான் சொல்லவில்லை. அவன் நான் பெற்ற பிள்ளை. அவனுக்கு எதிரே நிற்பேன் என்று நினைத்துத்தான் வந்தேன். அவன் வந்து "அம்மா" என்றதும் நாக்கு எழவில்லை. கார் திரும்பும்போது அவள் என்னைப் பார்த்தாள். அதிலிருந்து எனக்குச் சரியாகத் தூக்கமில்லை.

தண்ணீர்த்தொட்டி விடுதி என்று நான் எழுதியது உனக்கு மட்டும்தான். அதைப் பற்றி ஒன்றும் கேட்கப்போவதில்லை.

சைக்கிளை ஒரு நாள் தனியாக ஓட்டிப் பார்த்தேன். பின்பெடல் தன்பாட்டுக்குச் சுற்றுகிறது, வளைவில் வால் இழுக்கிறது. நீ வா. இதைக் கோபத்தில் எழுதவில்லை. சின்ன வயதிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறாய், நானும் சாக்குச் சொல்லிக்கொண்டே வந்திருக்கிறேன். உண்மையில் அப்பா உட்கார்ந்த சீட்டில் இன்னொருவர் கால் படுவதை என்னால் தாங்க முடியவில்லை. இந்த வருடம்தான் தாங்கினேன். லீவு கிடைத்தால் எழுது, பஸ் நிற்கும் இடத்தில் வந்து நிற்கிறேன். குகையை நாம் பார்ப்போம்.

அம்மா


ஜூலை 14

அன்புள்ள அம்மாவுக்கு,

லீவு கிடைத்துவிட்டது. ஆகஸ்ட் முதல் சனிக்கிழமை காலை பஸ். டிக்கெட் வாங்கியாயிற்று. சூப்பர்வைசர் முணுமுணுத்தார், நான் அவருக்குப் பல்லைக் காட்டினேன்.

சந்தோஷமாக இருக்கிறது அம்மா. இருக்கக்கூடாது என்று தெரிகிறது, ஆனாலும் இருக்கிறது. கண்ணாடி முன்னால் நின்று "போகலாம்" என்று சொல்லிப் பார்த்தேன். நன்றாகத்தான் சொல்கிறேன். நாற்காலியில் உட்கார்ந்து காலை ஆட்டிப் பழகுகிறேன். பூனையைப் பக்கத்து வீட்டு நர்ஸ் பார்த்துக்கொள்வார்.

அண்ணியைப் பற்றிக் கவலைப்படாதே. அவர் தன் வீட்டுக்குத்தானே போயிருக்கிறார். புருஷன் பெண்டாட்டி, நாலு நாளில் சரியாகிவிடும்.

ஸ்வெட்டர் எடுத்துவைத்துவிட்டேன், நீல நிறம். எனக்குத்தான்.

உன் கண்டக்டர்,
சுண்டு


ஜூலை 22

அன்புள்ள சுண்டுவுக்கு,

நலமாக இருக்கிறாயா? நான் இருக்கிறேன். வீட்டில் எல்லாம் அட்டைப்பெட்டியில் இருக்கிறது, பேனா தேடி எடுக்கவே அரைநாள் ஆனது. உன் அண்ணனுக்கு வேறு ஊரில் பெரிய ஷோரூம், நான் இல்லாததால் தள்ளிப்போன மாற்றம் இது. அடுத்த வாரக் கடைசியில் கிளம்புகிறோம்.

விடுதிப் பெயரைச் சொன்னது நீதான் என்று காரில் வரும்போதே அவர் சொல்லிவிட்டார். உன்மேல் கோபமில்லை. நீ என்ன நினைத்தாய் என்று தெரியும். எதையும் சொல்ல வேண்டாம் என்று அத்தையைக் கேட்டுக்கொண்டது நான். அதனால் நானே சொல்கிறேன்.

மார்ச் கடைசியில் ஒருநாள் மருந்துக்கடைக்கு வேலைக்குப் போனேன். முதலாளி என் வெள்ளைக் கோட்டை மடித்துப் பையில் போட்டு என் கையில் கொடுத்தார். "ஊர் மாறிப் போறீங்களாமே, உங்க வீட்டுக்காரர் வந்து சொன்னார்" என்றார். எனக்கு அப்போதுதான் தெரியும். ஊர் மாறுவதும் தெரியாது, வேலையை விட்டதும் தெரியாது. உன் அண்ணனைக் கேட்டேன். "உனக்கு சர்ப்ரைஸா இருக்கட்டும்னு நெனச்சேன்" என்றார். நல்ல மனிதர்தான். கை நீட்டியதில்லை, குரல்கூட உயர்த்தியதில்லை. ஆனால் அவர் பேசி முடிக்கும்போது, எனக்கு என்ன வேண்டும் என்பது எனக்கே மறந்துபோகிறது. பையோடு நேராக அத்தையிடம் வந்தேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. கொட்டகைக்குப் போய்ச் சைக்கிளை இறக்கினார். உன் அண்ணன் பேச்சுச் சத்தம் கேட்காத இடத்தில் யோசித்துக்கொள் என்றார்.

ஒன்று சொல்லட்டுமா? உன்மேல் எனக்குப் பொறாமை. உன் கடிதம் வந்தால் அத்தை எனக்கும் படித்துக்காட்டுவார். என்ன திட்டு, என்ன கோபம். "பாரு, எப்படி எரியறா பாரு" என்று சொல்லிச் சிரித்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து படிப்பார். அம்மாவை அப்படித் திட்டி எழுதும் உரிமை எனக்கு யாரிடமும் இருந்ததில்லை.

நீ போகிறாய் என்று கேள்விப்பட்டேன். சந்தோஷம். குகை அவ்வளவு குளிருமா, உள்ளே தண்ணீர் சொட்டும் சத்தம் கேட்குமா என்று மட்டும் எனக்கு எழுது. புது முகவரி பிறகு அனுப்புகிறேன்.

அன்புடன்,
அண்ணி


ஆகஸ்ட், முதல் சனிக்கிழமை

அன்புள்ள அம்மாவுக்கு,

இதைப் பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பெஞ்சைத் திட்டு. நான் சௌக்கியம். இது தபாலில் வராது, கையில் வரும்.

அண்ணி எனக்கு எல்லாவற்றையும் எழுதிவிட்டார், நேற்று அண்ணன் வீட்டுக்குப் போனேன். கூடத்தில் ஒரே அட்டைப்பெட்டி. அண்ணன் ஒரு பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டே புது ஊரின் அருமை பெருமையெல்லாம் சொன்னான். நானும் தலையாட்டிக்கொண்டே கேட்டேன், அவன் பேச்சு அப்படி. வழியெல்லாம் திரும்பிப் போய்விடலாமா என்று யோசித்துக்கொண்டே போனவள்தான் நான். லேசான மனதோடு போகவில்லை. சாப்பாட்டு மேசையில் டிக்கெட்டை வைத்து அண்ணியிடம் சொன்னேன்: "இது எனக்கு வாங்கினது. ஏறப்போறது யாருன்னு நீங்க சொல்லுங்க."

அண்ணன் சிரித்தான். பிறகு பேசினான், வீட்டு வாடகை, லாரிக்காரன், அடுத்த வருடம் நாம் எல்லாரும் காரிலேயே மலைக்குப் போகலாம் என்று. அண்ணி டிக்கெட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு ஒரு நிமிடம், இவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் நல்லது என்றுகூடத் தோன்றியது. உன்னிடம் மறைக்க முடியாது. அவன் மூச்சு வாங்க நிறுத்திய இடத்தில், "நான் போறேன்" என்றார். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. அண்ணன் டேப்பைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றான். அவன் வாயடைத்து நின்றதை வாழ்க்கையில் முதல்முறையாகப் பார்த்தேன். நீ இருந்திருக்க வேண்டும்.

மருந்துக்கடை முதலாளியையும் பார்த்துப் பேசிவிட்டேன். இன்னும் ஆள் போடவில்லையாம். அண்ணி திரும்பி வந்து கேட்டால் அவர் இஷ்டம், கேட்காவிட்டாலும் அவர் இஷ்டம். அண்ணன் லாரியைத் தள்ளிப்போட்டிருக்கிறான், லீவு போட்ட நாட்களில் அவன் வீட்டில் இருக்கப்போகிறேன். அவன் பேசட்டும், நான் கேட்கிறேன். எனக்கு விற்க அவனிடம் ஒன்றுமில்லை. அவனும் பாவம்தான் அம்மா, ராத்திரி சாப்பிடவில்லை.

அண்ணி தண்ணீர் பாட்டில் வாங்கப் போயிருக்கிறார். அதற்குள் எழுதிவிடுகிறேன். நீல ஸ்வெட்டர் அவர் பையில் இருக்கிறது, கேட்காமலே திணித்துவிட்டேன். இதையெல்லாம் பெரிய மனதோடு செய்தேன் என்று நினைத்துக்கொள்ளாதே. எரிச்சல் அப்படியேதான் இருக்கிறது. நீங்கள் இரண்டு பேரும் குகைக்குள் போகும் நாளில் நான் யார் வாயிலிருக்கும் பல்லையாவது உடைப்பேன்.

பஸ் வந்துவிட்டது, டிரைவர் எஞ்சினை அணைக்கவில்லை. நீ அங்கே நான் வருகிறேன் என்று எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்பாய். கதவு திறந்து அண்ணி இறங்குவார். அவரிடமிருந்து இதை வாங்கிப் படிக்கும்போது உன் முகம் வாடினால் அவர் பார்க்கும்படி வைத்துக்கொள்ளாதே, பாவம். ஆனால் கொஞ்சமாவது வாடட்டும் அம்மா. எனக்கு அது வேண்டும்.

சுண்டு